டானர் பாலத்து இரும்பு

கவுன்சிலுக்கு ஒரு சாப்ட்வேர் வாங்கப் போய் ஒரு குடும்பம் உடைந்த கதை இது, கண்ணுகளா. சிரிப்பு வந்தால் இப்போதே சிரித்துவிடுங்கள். எங்கள் யாரண்டூ ஊரிலும் முதலில் எல்லாரும் சிரித்தவர்கள்தான்.

க்ளெம் ஹார்ட்னெட் எங்கள் கவுன்சிலின் ரோட்டு வேலைக் கும்பலுக்குத் தலைவன். குழி அடைப்பது, குழாயில் சிக்கிய மரக்கிளையை இழுத்துப் போடுவது, சரளை ரோட்டைச் சீவிச் சமன் செய்வது, வழியில் செத்துக்கிடக்கும் கங்காருவைத் தூக்கி ஓரமாகப் போடுவது, எல்லாம் அந்தக் கும்பல்தான். கையும் காலும் தடித்த மனுஷன். பேச்சு மட்டும் மெல்லியது. அவன் மனைவி ராஸ்லின் அதே கவுன்சில் ஆபீசில் இருந்தாள். ரோடு, பாலம், சாக்கடை, பூங்கா பெஞ்சு என்று ஊருக்கு என்னென்ன சொத்து உண்டு, எது எப்போது பழுதாகும் என்று பார்த்துக்கொள்வது அவள் வேலை. காலையில் ஒரே ரொட்டியை அறுத்து இரண்டு டப்பாவில் வைத்துக்கொண்டு, அவன் டிப்போவுக்கும் அவள் ஆபீசுக்கும் போவார்கள். என் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி அவர்கள் வீடு.

ஒரே மகள் கெரின். மேற்கு மலையில் ட்ராவிஸ் என்ற பால்பண்ணைக்காரனைக் கட்டிக்கொண்டு போனவள். விடியுமுன் எழுந்து, மூச்சு புகையாக வரும் குளிரில் மாட்டைக் கொட்டகைக்கு ஓட்டி, கறந்து, கழுவி, மறுபடி சாயங்காலம் அதையே செய்கிற வாழ்க்கை. கறந்த பாலை எடுக்கப் பால் கம்பெனியின் டேங்கர் லாரி தினம் மலைக்கு வரவேண்டும். அந்த லாரி வர இரண்டே வழி. குறுக்கு வழியில் வில்லோ ஓடைப் பாலம். சுற்று வழியில் டானர் பாலம். காட்டு வழி ஒன்று உண்டு. மழைக்காலத்தில் அதில் ஜீப்பே ஏறாது.

இரண்டு பாலமும் மேலே நின்று பார்த்தால் அக்கா தங்கை மாதிரி ஒன்றுபோல இருக்கும். மேலே பலகை, பலகைமேல் தார். வித்தியாசம் எல்லாம் அடியில்.

கவுன்சில் கூட்டங்களுக்கு டீயும் சாண்ட்விச்சும் போடுவது அப்போது என் வேலை. அதனால் சாப்ட்வேர் விற்க வந்தவர்களை எல்லாம் நான் பார்த்தேன். டெண்டர் போட்டவர்களில் மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து, வந்து செய்து காட்டச் சொல்லியிருந்தார்கள். அன்று தெற்குக் காற்றோடு மழை. கூட்ட அறையின் தகரக்கூரை விடாமல் இரைந்துகொண்டிருந்தது.

முதலில் சிட்னியிலிருந்து இரண்டு பையன்கள். அவர்கள் மெஷின் எழுந்திருக்கவே இல்லை. முட்டை சாண்ட்விச்சை நிறையச் சாப்பிட்டுவிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். அடுத்து பல்லாரட்டிலிருந்து ஒரு பெண் தனியாக வந்தாள். பூட்ஸ் முழுக்கச் சேறு.

"நேத்தே வந்து உங்க ஊரைச் சுத்திப் பாத்தேன். ஒவ்வொரு பாலத்துக்கும் அடியில எறங்கிப் பாக்காம நான் எதையும் மெஷின்ல ஏத்த மாட்டேன். அதுக்கு நாளாகும், செலவாகும். சொல்லிடறேன்," என்றாள்.

"அடியில எறங்குனா விலாங்கு மீன்தான் கெடைக்கும்," என்றான் க்ரேம். அவன்தான் கவுன்சில் நிர்வாகத் தலைவன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், ஆனால் சொன்னதை மாற்றவில்லை.

மூன்றாவது மெல்போர்ன் கம்பெனி. ஜூலியன் என்று ஒருத்தன், நனையாத சட்டையோடு எப்படித்தான் வந்தானோ. அவன் திரையில் எங்கள் ஊர் முழுவதும் விரிந்தது. நல்ல ரோடு பச்சை, சுமாரானது மஞ்சள், மோசமானது சிவப்பு. பள்ளிக்கூடத்து வாசலில் இருக்கும் சாக்கடை மூடிகூடப் பச்சையாக மினுங்கியது. கவுன்சிலர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

"ஒரே ஒரு கேள்விதான்," என்றான் ஜூலியன். "உங்க பழைய பதிவுங்க சுத்தமா இருக்கா? இருந்தா அப்படியே எங்க மெஷினுக்குள்ள ஊத்திடலாம். இல்லேன்னா நாங்களும் அடியில எறங்கித்தான் பாக்கணும். அது டெண்டர்ல தனி வரியாப் போட்டிருக்கோம். வேணும்னா வெச்சுக்குங்க, வேணாம்னா அடிச்சிடுங்க."

க்ரேம் கதவோரம் திரும்பினான். வேலைசெய்யும் ஆட்கள் தரப்பில் ஒருத்தராவது இருக்கவேண்டும் என்று க்ளெமைக் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார்கள். ஆரஞ்சுச் சட்டையோடு, தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"எங்க ஆளுங்க ஒழுங்கா எழுதுறவங்க. என்ன க்ளெம்?"

"எழுதியிருக்கோம்," என்றான் க்ளெம்.

"நம்பலாமா?"

க்ளெம் தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினான். அறையில் அத்தனை பேரும் அவனையே பார்த்தார்கள். ராஸ்லினும்.

"நம்பலாம்."

ராஸ்லின் முகத்தில் ஒரு பெருமை வந்ததை நான் பார்த்தேன், பிள்ளைகளா. தன் புருஷனை நாலு பேர் மத்தியில் கேட்டார்கள் என்கிற பெருமை. பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தாள். மெல்போர்ன் கம்பெனிக்கு எல்லாரையும்விட அதிக மதிப்பெண் போட்டவளும் அவள்தான்.

மறுநாள் டிப்போவில் பத்து மணி டீ. அந்த டீ நேரத்துக்கு ஸ்மோகோ என்று பேர். புகை பிடிக்கிறவன் இப்போது யாரும் இல்லை, பேர் மட்டும் நிற்கிறது. மீதியிருந்த சாண்ட்விச்சை நான் அங்கே கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கம். ஸ்பட் என்று ஒருத்தன் அந்தக் கும்பலில் உண்டு. ஸ்பட் என்றால் எங்கள் பக்கத்தில் உருளைக்கிழங்கு; அதைத் தவிர வேறு காய் தொடமாட்டான், அதனால் அந்தப் பேர்.

"யோவ் க்ளெம், இனிமே கிழக்க எழுத முடியாது போல இருக்கே," என்றான் ஸ்பட், வாயில் ரொட்டியோடு. "எழுதுனா கம்ப்யூட்டர் கேக்குமாம். 'டேய் ஸ்பட், கிழக்க ஒரே குழியை நாப்பது தடவை அடைச்சிருக்கியே, அது குழியா, கெணறா?'ன்னு."

மற்றவர்கள் சிரித்தார்கள். க்ளெம் சிரிக்கவில்லை.

"மூடிக்கிட்டுத் தின்னு, ஸ்பட்."

கிழக்கே எழுதுவது என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் கவுன்சிலின் கிழக்குப் பக்கத்தில்தான் பள்ளிக்கூட பஸ் போகும் ரோடு இருந்தது. மாநில அரசாங்கத்துப் பணம் பஸ் ரோட்டுக்குத்தான் வரும். மேற்கு மலையில் நாலைந்து பண்ணை வீடுகள்தான். அங்கே பணம் வராது. ஆனால் குழி எல்லா இடத்திலும்தானே விழுகிறது? அதனால் மேற்கே வேலை செய்துவிட்டுக் கிழக்கே செய்ததாக எழுதுவார்கள். டிப்போவில் எல்லாருக்கும் தெரியும். அப்போதிருந்த பழைய இன்ஜினியருக்கும் தெரியும். யாரும் ஒரு காசுகூடச் சட்டைப்பையில் போட்டதில்லை. அது திருட்டு என்று அவர்களில் ஒருத்தருக்கும் தோன்றியதும் இல்லை.

பெரிய வெள்ளம் வந்த வருஷம் வில்லோ பாலத்தின் மர உத்திரங்களை ஓடை அடித்துக்கொண்டு போனது. டானர் பாலம் ஆடியது, ஆனால் நின்றது. அரசாங்கம் டானர் பாலத்துக்கு என்று இரும்பு உத்திரம் வாங்கப் பணம் தந்தது. அதுதானே பஸ் ரோடு. வில்லோவுக்கு ஒன்றும் இல்லை. மேற்குப் பண்ணைக்காரர்கள் கறந்த பாலைப் புல்வெளியில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். க்ளெம் கும்பல் இரும்பை இறக்கியது வில்லோவில். எழுதியது டானரில். டானருக்கு மேலே புதுப் பலகை மட்டும் போட்டார்கள். பழைய இன்ஜினியர் அந்தப் பக்கம் வந்தபோது கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நேரே பார்த்து ஓட்டிக்கொண்டு போனார். அவர் இப்போது உயிரோடு இல்லை. அடுத்த சில வருஷத்தில் கிழக்குப் பள்ளிக்கூடமும் மூடிப்போய், டானர் பாலத்தில் பஸ் போவது நின்றது. கார் மட்டும்தான் போகும். கார் கனத்துக்கு அந்தப் பழைய மரம் போதும்.

வெள்ளத்தின்போது கெரின் பள்ளிக்கூடம் போகிற பெண். ட்ராவிஸ் என்று ஒருத்தன் இருப்பதே அவளுக்குத் தெரியாது.

குளிர்காலம் பிறந்த வாரம் சாப்ட்வேர் வேலை செய்யத் தொடங்கியது. கவுன்சில் வாசலில் கேக் வெட்டினார்கள். ராஸ்லின் புது நீலச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தாள். ஜூலியன் கம்பெனி நாலு பையன்களை அனுப்பி ஒவ்வொரு பாலத்தையும் படம் எடுத்திருந்தது. மேலே நின்று எடுத்த படம். படமும் பழைய பதிவும் சேர்ந்து மெஷினுக்குள் போயின. மெஷின் சொன்னது: டானர் பாலம், இரும்பு உத்திரம், பச்சை. வில்லோ பாலம், தாத்தா காலத்து மரம், ரிப்பேரே பார்த்ததில்லை, சிவப்பு. ஐந்து டன்னுக்கு மேல் போகக்கூடாது.

போர்டு நட ஆள் வேண்டுமே. அதுவும் க்ளெம் கும்பலின் வேலைதான். மழைத்தூறலில் தன் கையால் இரும்பு வைத்துக் கட்டின பாலத்தின் வாசலில் க்ளெம் குழி தோண்டி, 'ஐந்து டன்' போர்டை நட்டு, காலால் மண்ணை மிதித்து இறுக்கினான். ஸ்பட் மட்டம் பிடித்தான். அன்றைக்கு ஸ்பட் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ராஸ்லின் ஆட்டுக்கால் ரோஸ்ட் போட்டிருந்தாள். கெரினும் ட்ராவிஸும் வந்திருந்தார்கள். ஆப்பிள் பை செய்து எடுத்துக்கொண்டு நானும் போயிருந்தேன். ஜன்னலில் மழை ஓடியது. கெரின் கையில் பால் வாசமும் சோப்பு வாசமும் கலந்திருந்தது. ஆனால் முகம் தெளிவாக இருந்தது.

"ரெண்டு நாளாத் தூக்கமே இல்ல," என்றாள். "போர்டப் பாத்ததும் போச்சுடா பண்ணைன்னு நெனச்சேன். நல்லவேளை, கம்பெனிக்காரன் போன் பண்ணிட்டான். டானர் பக்கமா சுத்தி வந்து பால் எடுத்துக்கறாங்களாம். நாளைலேர்ந்து. அம்மா, உன் மெஷின் ஒரு பாலத்தப் புடுங்கிட்டு ஒரு பாலத்தக் குடுத்திருச்சு."

"என் மெஷின் இல்லடி, ஊரோட மெஷின்," என்று சொல்லிக்கொண்டே ராஸ்லின் கிரேவியை நீட்டினாள். "க்ளெம், இந்தா."

க்ளெம் வாங்கவில்லை. முள்கரண்டி தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது.

"எந்த டேங்கர்?" என்றான்.

"எந்த டேங்கரா? பால் டேங்கர். டீனோ ஓட்டுறது."

"ரொப்பினதா?"

"பின்ன? வெறும் டேங்கர எடுத்துட்டுப் போய் எங்க காட்டுவான்?" ட்ராவிஸ் சிரித்தான்.

"அது டானர் மேல போகக் கூடாது."

"ஏன்? பச்சைன்னு போட்டிருக்கே. இரும்பு."

"டானர்ல இரும்பு இல்ல."

ராஸ்லின் கிரேவி ஜாடியைக் கீழே வைத்தாள். "என்ன சொல்ற நீ? நீதானே எழுதியிருக்க. நான் என் கையால ஏத்துனேன். இரும்பு உத்திரம், டானர் பாலம்."

"கிழக்க எழுதுனது, ராஸ்."

அந்த வார்த்தை அவளுக்குப் புரியவில்லை. இத்தனை வருஷம் ஒரே ரொட்டியைப் பங்குபோட்டவளுக்கு டிப்போவில் எல்லாருக்கும் தெரிந்த ஒன்று தெரியவில்லை. க்ளெம் சொன்னான். அவனுக்கே உரிய மெல்லிய குரலில், தட்டைப் பார்த்துக்கொண்டே, இரும்பு எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று சொன்னான். ஆட்டுக்கறி ஆறிக் கொழுப்பு வெள்ளையாக உறைந்தது.

முதலில் பேசினது ட்ராவிஸ்தான். "அப்ப நம்ம பாலம் நல்ல பாலமா?"

"டேங்கர் ரெண்டு சேந்து போனாலும் தாங்கும்."

"அத முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்வாரு?" என்றாள் கெரின். அவள் முகம் மாறியிருந்தது. "என்னன்னு சொல்வாரு? என் மக வீட்டுப் பாலத்துக்கு அரசாங்க இரும்ப எடுத்துப் போட்டேன்னா?"

"நீ அப்ப ஸ்கூல் படிச்ச புள்ள. உனக்காகப் போடல. அந்த மலைக்காரங்க பாலைக் கீழ கொட்டிக்கிட்டு இருந்தாங்க."

"எனக்குத் தெரியும்பா. ஊருக்கு யார் சொல்றது?"

ட்ராவிஸ் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். "இதுக்கு ஒரு வழி இருக்கு. ஏத்தும்போது ரெண்டு பாலமும் மாறிப்போச்சுன்னு சொல்லிடலாம். டைப்பிங் தப்பு. எல்லா ஆபீஸ்லயும் நடக்கறதுதானே?"

"யார் பண்ண தப்பு?" என்று கேட்டாள் ராஸ்லின்.

ட்ராவிஸ் நாற்காலியைப் பழையபடி பின்னுக்குத் தள்ளினான்.

"இல்ல, கேக்கறேன். ஏத்துனது நான் ஒருத்திதானே? அப்ப என் தப்புன்னு சொல்லணும். சொல்றேன்னே வெச்சுக்க. அரசாங்கத்துகிட்ட இருக்கற பில்லுல டானர்னு இருக்கே, அதையும் நான் மாத்தி டைப் பண்ணேனா?" அவள் குரல் உயரவே இல்லை. க்ளெம் பக்கம் திரும்பினாள். "அன்னைக்கு அந்த ரூம்ல உன்னக் கேட்டாங்க. நம்பலாமான்னு. நீ நம்பலாம்ன. அடியில எறங்கிப் பாக்கற வரிய நான் அடிச்சேன் க்ளெம். பல்லாரட்காரி எறங்கித்தான் ஆகணும்னு மொரண்டு பிடிச்சா. அவளுக்கு நான் கம்மியா மார்க் போட்டேன். எல்லாம் உன் ஒரு வார்த்தைய நம்பி."

"அத்தன பேர் முன்னாடி எப்படி ராஸ்..."

"வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கலாமே. அன்னைக்குச் சாயங்காலம் என்கிட்ட. இதே டேபிள்ல."

ராஸ்லின் எழுந்து தட்டுகளை எடுத்தாள், யாரும் சாப்பிடாத தட்டுகளை. என் ஆப்பிள் பையை யாரும் வெட்டவில்லை.

மறுநாள் காலை க்ளெம் டிப்போவிலிருந்து தடுப்புக்கட்டையை ஏற்றிக்கொண்டு போய் டானர் பாலத்தை அடைத்தான். உத்தரவு இல்லாமல் அடைத்த ரோடு. ஒரு மணி நேரத்தில் யாரோ போன் செய்ய, ஆபீசிலிருந்து ஸ்பட்டுக்குச் செய்தி போனது: தடுப்பை எடு, அது பச்சைப் பாலம். ஸ்பட் போனான். அங்கே க்ளெம் தன் வண்டியைப் பாலத்தின் குறுக்கே நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தான்.

"எடுக்கச் சொல்றாங்க, க்ளெம்."

"எடுத்துக்க. கட்டையத்தானே எடுக்கச் சொன்னாங்க? வண்டிய இல்லியே."

ஸ்பட் கட்டையை எடுத்துத் தன் வண்டியில் போட்டுக்கொண்டான். போகவில்லை. மலைப் பக்கத்திலிருந்து ஹார்ன் சத்தம். டேங்கர். மேற்குப் பண்ணைகளில் பால் எடுத்து ரொப்பிக்கொண்டு டீனோ திரும்பி வருகிறான். காலையில் காலி வண்டியாகப் போனபோது க்ளெம் வந்து சேரவில்லை. பின்னாளில் இதை எங்களுக்குச் சொன்னது டீனோதான்.

"க்ளெம், என்ன இது பார்க்கிங்? எடுய்யா. பால் சூடாயிடும்."

"நீ இதுமேல போகக் கூடாது டீனோ."

"கம்பெனி மேப்ல பச்சையாக் காட்டுது. காலைல வந்தேன், ஒண்ணும் ஆகல. சும்மா கொஞ்சம் முனகுச்சு."

"அப்ப காலி வண்டி. எறங்கு. வா என்கூட."

"எங்க? இந்த முள்ளுலயா? புது பேன்ட்டுய்யா, பொண்டாட்டி கொன்னுடுவா."

"வா."

கருமுள் புதருக்குள் இரண்டு பேரும் பாலத்தடியில் இறங்கினார்கள். ஓடைத் தண்ணீர் பழுப்பாகச் சுழித்துப் போனது. க்ளெம் ஒரு நீளத் திருப்புளியை எடுத்து நடு உத்திரத்தில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினான். தட்டவில்லை, குத்தவில்லை, அழுத்தினான். பிடிவரைக்கும் உள்ளே போய்விட்டது. கேக்கில் கத்தி போகிற மாதிரி போச்சு என்றான் டீனோ. திரும்ப இழுத்தபோது ஈரத் தூள் கொட்டியது.

டீனோ சிலுவை போட்டுக்கொண்டான். "காலைல நான் இதுமேல பாட்டுப் பாடிக்கிட்டு வந்தேன், மாதாவே."

அந்த நீளமான வண்டியைத் திருப்ப இடம் இல்லை. மலை வளைவு வரைக்கும் ரிவர்ஸிலேயே எடுத்தான். ஸ்பட் முன்னும் பின்னும் ஓடி வழிகாட்டினான். அன்றைய பாலை வேறு வழியில்லாமல் மேலே கொண்டுபோய்க் கொட்டினார்கள்.

க்ளெம் அங்கிருந்து நேரே க்ரேமின் அறைக்கு வந்தான். என் டீ அறைக்கும் அந்த அறைக்கும் நடுவில் தட்டு நீட்டுகிற சின்ன ஜன்னல் உண்டு. அது சரியாக மூடாது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு க்ரேம் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தான்.

"யார்கிட்டல்லாம் சொல்லிருக்க?"

"ராஸ், புள்ள, மருமகன். டீனோ பாத்துட்டான்." அந்த டேபிளில் நானும் இருந்ததை அவன் சொல்லவில்லை.

"டானருக்குன்னு வந்த அரசாங்கப் பணம் க்ளெம் அது."

"பணம் பாலத்துலதான் இருக்கு. பக்கத்துப் பாலத்துல."

"உன் மக வீட்டுப் பாலத்துல."

"அவ அப்ப ஸ்கூல் படிச்சா."

"நான் நம்புறேன். உன்ன எத்தனை வருஷமாப் பாக்குறேன்? ஆனா மெல்போர்ன்லேர்ந்து வர்ற அரசாங்க ஆளு நம்புவானா?" க்ரேம் எழுந்து ஜன்னல் பக்கம் போனான். "ஒண்ணு சொல்றேன் கேளு. நீ இங்க வரவே இல்ல. டானரை நான் ஏதாவது காரணம் சொல்லி மூடிடறேன். யார் உயிருக்கும் ஆபத்து இல்ல. வில்லோ போர்டு அப்படியே இருக்கட்டும். உன் வேலை, உன் ஆளுங்க வேலை, ராஸ்லின் வேலை, எல்லாம் அப்படியே இருக்கும்."

"அப்ப கெரின் பாலை எதுல அனுப்புவா?"

"அது எனக்குத் தெரியல."

"வில்லோல இரும்பு இருக்குன்னு யாராவது சொன்னாத்தானே அந்த போர்டை எடுப்பீங்க?"

"சொன்னாப் போதாது. எழுதிக் குடுக்கணும். எழுதிக் குடுத்தா அப்புறம் அது என் கையில இல்ல, க்ளெம். புரியுதா? என் கையை விட்டுப் போயிடும்."

"ஒரு ஆளை அடியில அனுப்பிப் பாத்தா இரும்பு தெரிஞ்சிடப் போவுது. அரை மணி நேர வேலை."

"தெரியும்."

"பேப்பரக் குடு."

நான் டீ கொண்டுபோய் வைத்தேன். க்ளெம் எழுதிக்கொண்டிருந்தான். சேறு காய்ந்த விரலில் பேனா சின்னதாக இருந்தது. மகளின் பாலத்தைத் திறக்கிறோம் என்று நினைத்துத்தான் எழுதினான், கண்ணுகளா. வேறு எதற்காகவும் இல்லை.

டானரை அன்றைக்கே மூடினார்கள். சரி. வில்லோவையும் திறக்கவில்லை. க்ளெம் எழுதியது மெல்போர்னில் இருக்கும் மாநில அரசாங்க ஆபீசுக்குப் போனது. அங்கிருந்து பதில் வந்தது. அரசாங்கப் பணம் தவறாகப் போயிருக்கிறது, விசாரணை நடக்கும், அதுவரை இரண்டு பாலத்திலும் யாரும் கை வைக்கக் கூடாது. கை வைக்கக் கூடாது என்றால் அடியில் இறங்கிப் பார்ப்பதும் கூடாது. போர்டை எடுப்பதும் கூடாது. மெஷினில் இரண்டு பாலமும் சிவப்பாயின.

க்ளெமை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். அவன் கும்பலில் இருந்தவர்களை ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். ஸ்பட் அவன் வீட்டுப் பக்கம் வருவதை விட்டான். ராஸ்லினைச் சொத்துக் கணக்கிலிருந்து எடுத்து நூலகத்தில் உட்கார வைத்தார்கள். புருஷன் விசாரணையில் இருக்கும்போது அவள் அந்தக் கம்ப்யூட்டரைத் தொடக்கூடாதாம். காலையில் அவள் தனக்கு மட்டும் ரொட்டி அறுத்துக்கொண்டு போனாள். வீட்டில் இரண்டு பேரும் பேசிக்கொள்வார்கள்; மழை வரும்போல இருக்கிறது, பால் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஊர் என்ன சொன்னது என்று கேட்கிறீர்களா? இறைச்சிக் கடை வரிசையில் என் காதுபடச் சொன்னார்கள்.

"மகளுக்கு சீதனமா ஒரு பாலத்தையே தூக்கிக் குடுத்திருக்கான்யா."

"நம்ம அப்பன்லாம் டோஸ்டர்தான் குடுத்தாங்க."

அவள் கல்யாணத்துக்கு முன்னால் போட்டது என்று நான் சொன்னேன். "அப்படியா?" என்றார்கள். அடுத்த வாரம் அதே வரிசையில் அதே பேச்சுதான்.

டானர் பாலம் விழுந்திருந்தால் பேர் வந்திருக்கும். டீனோவின் டேங்கர் ஓடையில் கிடந்திருந்தால் பூவும் மெழுகுவர்த்தியும் வைத்திருப்பார்கள், விசாரணை ஒரே வாரத்தில் முடிந்திருக்கும். ஒன்றும் விழவில்லை. அதனால் க்ளெம் என்ன செய்தான் என்பது யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

மேலே மலையில் கெரினும் ட்ராவிஸும் கறந்த பாலைக் கறந்த கையாலேயே கொட்டினார்கள். கறக்காமல் விட்டால் மாட்டுக்கு மடி கட்டிக்கொள்ளும். அதனால் கறக்கவும் வேண்டும், கொட்டவும் வேண்டும். டிராக்டரில் சின்னத் தொட்டி கட்டி இந்தக் கரைக்கு இழுத்துவந்து தருகிறோம் என்று கேட்டுப் பார்த்தார்கள். சுத்தம் போதாது, வாங்கமாட்டோம் என்றது கம்பெனி. க்ளெம் ஒருதரம் மேலே போனான். ட்ராவிஸ் கொட்டகையிலிருந்து வெளியே வரவில்லை. கெரின் வாசலிலேயே நின்று பேசினாளாம்.

"க்ரேம் சொன்னதக் கேட்டிருந்தா என்னப்பா? நீயும் வேலைல இருந்திருப்ப. நாலு மாசத்துல அம்மா எப்படியாவது ஒரு இன்ஜினியரப் புடிச்சு வில்லோவுக்கு அனுப்பியிருப்பா. இப்ப அந்த எடத்துல அம்மாவும் இல்ல."

"உனக்காகத்தான் எழுதுனேன்."

"தெரியும். அதுதான் தாங்க முடியல."

வசந்தம் வருவதற்குள் மாடுகளை விற்றுவிட்டார்கள். நல்ல மாடுகள், நல்ல பால் கொடுக்கிறவை. வாங்கினவன் வடக்கே முர்ரே ஆற்றுப் பக்கத்துக்காரன். அவனுடைய மாட்டு லாரிகள் மலைக்கு வர முடியாது. இரண்டு பாலமும் சிவப்பு. லாரிகள் வில்லோவுக்கு இந்தக் கரையில் வரிசையாக நின்றன. மாட்டை நடத்தித்தான் கொண்டுவரவேண்டும்.

ராஸ்லின் வரவில்லை. நூலகத்தில் வேலை இருக்கிறது என்றாள். நான் க்ளெமோடு போனேன். எதிர்பார்க்காமல் ஸ்பட் வந்திருந்தான். வந்தவன் பாலத்து ஓரத்தில் கயிறு கட்ட ஆரம்பித்தான். வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. மேக்பை பறவை ஒன்று வேலிக்கம்பத்தில் கத்திக்கொண்டிருந்தது.

மாடுகள் பாலத்து முனைக்கு வந்து நின்றன. முன்னால் வந்த கறுப்பு மாடு தாரை முகர்ந்தது, தும்மியது, திரும்பப் பார்த்தது. நாய் குரைத்தது. ட்ராவிஸ் சீட்டியடித்தான். கறுப்பு மாடு காலை எடுத்து வைத்ததும் பின்னால் இருந்தவை நெருக்கித் தள்ள, மொத்த மந்தையும் மேலே ஏறிவிட்டது. ஒன்றுக்குப் பின் ஒன்றாக விடவேண்டும் என்றுதான் ஏற்பாடு. மாட்டுக்கு அது தெரியுமா? விலாவோடு விலா உரசிக்கொண்டு, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு அங்குலம் பலகை தெரியாமல் மாடுகள் நிறைந்து நின்றன. முன்னால் லாரியில் ஏறும் சரிவுப்பலகையில் ஒரு மாடு முரண்டு பிடிக்க, அத்தனையும் பாலத்தின்மேலேயே தேங்கின. சாணி விழுந்தது. ஆவி எழும்பியது. ஐந்து டன் போர்டில் ஒரு மாடு கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"இப்ப மேல எத்தனை டன்னுய்யா இருக்கும்?" என்றான் ஸ்பட்.

லாரிக்காரன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பாலத்தையும் போர்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். க்ளெம் கைப்பிடிக் கம்பியில் உள்ளங்கையை வைத்திருந்தான். நானும் வைத்துப் பார்த்தேன். ஒரு துளி அதிர்வுகூட இல்லை. கல்லில் கை வைத்த மாதிரி இருந்தது.

மாடுகள் நகர்ந்தன. எல்லாம் இறங்கி முடித்த பிறகு கடைசியாகக் கெரின் குச்சியோடு பாலத்தின்மேல் நடந்து வந்தாள். நடுவில் நின்றாள். காலடியில் பலகையைப் பார்த்தாள். பூட்ஸ் குதிகாலால் ஒருமுறை ஓங்கி மிதித்தாள். பிறகு வந்து அப்பனுக்குப் பக்கத்தில் நின்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல்.

"நல்லாத்தான்பா கட்டியிருக்க," என்று சொல்லிவிட்டு, லாரிக் கதவைப் போடப் போனாள்.